பழைய பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடி வாங்குமுன்: எந்த ரிப்பேருக்குப் பயப்பட வேண்டும்?

புதிதாக 40 லட்சத்துக்கு மேல் விற்ற பிஎம்டபிள்யூ 320டி, பத்து வருடம் கழித்து ஒரு புது ஐ20 விலைக்கு வந்து நிற்கிறது. ஆசை வருவது இயல்பு. வீட்டில் சொன்னதும் வரும் முதல் கேள்வியும் இயல்பானதுதான்: "ரிப்பேர் வந்தா என்ன பண்ணுவீங்க?"

பொதுவாக 'ரிப்பேர்' என்று கேட்டால் அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்த எஞ்சின், எந்த வருடம், எந்தப் பாகம், அதை மாற்ற இன்றைக்கு எவ்வளவு ஆகும் என்று பிரித்துக் கேட்டால் பதில் உண்டு. இந்தக் கட்டுரை அப்படிப் பிரித்துக் கேட்பதற்குத்தான். தமிழ்நாட்டில் அதிகம் கைமாறும் ஜெர்மன் கார்களை வைத்தே சொல்கிறேன்.

ஒரு கணக்கை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். விலை இறங்கியிருப்பது காருக்கு மட்டும்தான், அதன் உதிரிபாகங்களுக்கு இல்லை. 12 லட்சத்துக்கு வாங்கிய வண்டிக்கு டயரும் பிரேக்கும் 45 லட்ச ரூபாய் வண்டியின் விலையில்தான் வரும். அதனால் கையில் 12 லட்சம் இருந்தால் 10 லட்சத்துக்கு மேல் போகும் காரைப் பார்க்காதீர்கள். மீதியை முதல் வருடச் செலவுக்கென்று தனியாக வைத்துவிடுங்கள். அதை ஒதுக்க முடியாது என்றால் இந்த யோசனையையே தள்ளிப்போடுவது நல்லது. வீட்டில் இருக்கும் ஒரே கார் இதுதான் என்றாலும் அதே பேச்சு. ஒரு சென்சார் வெளியூரிலிருந்து வர ஒரு வாரம் ஆனால் வண்டி அந்த ஒரு வாரமும் ஷெட்டில் நிற்கும்.

முதலில் எஞ்சின், அப்புறம் கார்

நிறையப் பேர் கலரையும் உள்ளே இருக்கும் லெதரையும் பார்த்து மனதைப் பறிகொடுத்த பிறகுதான் எஞ்சின் என்னவென்று விசாரிக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். எல்லாக் கம்பெனியிலும் நல்ல எஞ்சின் உண்டு, தலைவலி எஞ்சினும் உண்டு. எது எது என்பது உலகம் முழுக்க மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த சங்கதி.

பிஎம்டபிள்யூவின் 2 லிட்டர் டீசலைப் பாருங்கள். 2007ல் வந்த என்47 எஞ்சின்தான் 320டி, 520டி இரண்டிலும் இருந்தது. இழுவையிலும் மைலேஜிலும் குறை சொல்ல முடியாத எஞ்சின். ஆனால் பிஸ்டனும் வால்வும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் டைமிங் செயினை முன்பக்கம் வைக்காமல் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி வைத்துவிட்டார்கள். செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடுகள் தேய்ந்து செயின் தளரும்போது 1,500 முதல் 2,000 ஆர்பிஎம் வாக்கில் எஞ்சினின் பின்புறத்திலிருந்து உரசுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதைக் கண்டுகொள்ளாமல் ஓட்டி, ஒருநாள் செயின் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் முட்டிக்கொண்டு எஞ்சினே போய்விடும். செயினின் விலை பெரிய தொகை இல்லை. அதைத் தொடுவதற்கு கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்க வேண்டியிருப்பதால் கூலிதான் எகிறும். ஆரம்ப வருட வண்டிகளில் இந்தத் தொல்லை அதிகம். 2014ல் இதற்குப் பதிலாக வந்த பி47ல் செயின் அதே இடத்தில்தான் இருக்கிறது, புகார்கள் மட்டும் வெகுவாகக் குறைந்தன. எனவே 320டி பார்க்கப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "செயின் மாத்தியாச்சா? பில் இருக்கா?" என்பதுதான். செயின் மாற்றிய பில்லோடு வரும் 1,20,000 கிலோமீட்டர் வண்டி, பில் எதுவும் இல்லாத 70,000 கிலோமீட்டர் வண்டியைவிட எனக்கு எப்போதும் மேல்.

ஆடியில் 2008 முதல் 2012 வாக்கில் வந்த ஏ4 1.8 டிஎஃப்எஸ்ஐ பெட்ரோல் எஞ்சினுக்கு ஆயில் குடிக்கும் பழக்கம் உண்டு. பிஸ்டனில் இருக்கும் ஆயில் ரிங் தன் வேலையைச் சரியாகச் செய்யாததால் ஆயில் மேலேறி பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடும். பார்க்கப் போகும் வண்டியின் டிக்கியில் பாதி தீர்ந்த ஆயில் கேன் கிடந்தால் காரணத்தைக் கேளுங்கள். ஆடியில் கியர்பாக்ஸையும் விசாரிக்க வேண்டும். டீசல் ஏ4, ஏ6 பலவற்றில் மல்டிட்ரானிக் என்ற சிவிடி, அதாவது தனித்தனிப் படிகளாக கியர் இல்லாத ஆட்டோமேட்டிக் பெட்டி இருந்தது. வேறு சிலவற்றில் எஸ்-ட்ரானிக் என்ற இரட்டை கிளட்ச் பெட்டி. எஸ்-ட்ரானிக்கில் கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் யூனிட் போய்விட்டால் பில் லட்சக்கணக்கில் வரும்.

பென்ஸில் சி 220 சிடிஐ, இ 250 சிடிஐ வண்டிகளில் இருந்த ஓஎம்651 டீசல் பொதுவாக உழைக்கும் எஞ்சின். முதல் சில வருட வண்டிகளில் வந்த டீசலைப் பீய்ச்சும் டெல்ஃபி பீசோ இன்ஜெக்டர்கள் மட்டும் பழுதாகிக்கொண்டே இருந்தன, கம்பெனியே பலருக்கு வேறு வகை மாற்றிக் கொடுத்தது. மாற்றிய வண்டியா என்று சேசிஸ் நம்பரை வைத்து சர்வீஸ் சென்டரில் கேட்கலாம். எஸ்-கிளாஸ் மீது ஆசை இருந்தால், காற்று நிரப்பிய ரப்பர் பைகளில் வண்டியைத் தாங்கும் அதன் ஏர் சஸ்பென்ஷனுக்குத் தனி பட்ஜெட் போடுங்கள். ரப்பர் பை கசிய ஆரம்பித்தால் கம்ப்ரெஸர் ஓயாமல் ஓடி அதுவும் சேர்ந்து போகும்.

டீசலா பெட்ரோலா என்பதை உங்கள் ஓட்டத்தை வைத்து முடிவு செய்யுங்கள். வளசரவாக்கத்திலிருந்து வடபழனி வரை போய்த் திரும்புவதுதான் தினசரி ஓட்டம் என்றால் டீசல் வேண்டாம். புகையை வடிகட்டும் டிபிஎஃப், சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்க நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓட வேண்டும். சிக்னல் சிக்னலாக நிற்கும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். சிலர் அந்த ஃபில்டரையே வெட்டி எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் ரீமேப் செய்து ஓட்டுகிறார்கள். அப்படிப்பட்ட வண்டியைத் தொடாதீர்கள்.

போனிலேயே முடிக்க வேண்டியவை

"டாக்டர் ஓட்டின வண்டி சார், சிங்கிள் ஓனர், ஒரு ரூபா வேலை இல்ல." இதைச் சொல்லாத புரோக்கரை நான் பார்த்ததில்லை. பத்து வருட ஜெர்மன் காருக்கு இதுவரை எந்தச் செலவும் வரவில்லை என்றால் அதற்கு அர்த்தம், செய்ய வேண்டிய செலவை யாரும் செய்யவில்லை என்பதுதான். அந்தச் செலவு உங்களுக்காகக் காத்திருக்கிறது. "போன வருஷம் வாட்டர் பம்ப், லோயர் ஆர்ம் எல்லாம் மாத்தினேன், ஒன்றரை லட்சம் ஆச்சு" என்று அலுத்துக்கொள்கிற ஓனரிடம் நம்பிப் பேசலாம்.

வண்டி நம்பரை வாங்கி அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டால் பதிவுத் தேதி, எத்தனையாவது ஓனர், வண்டி மேல் கடன் இருக்கிறதா, இன்சூரன்ஸ், ஃபிட்னஸ் தேதி எல்லாம் வந்துவிடும். அடுத்து 17 இலக்க சேசிஸ் நம்பரைக் கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் ஒவ்வொரு முறை வண்டி உள்ளே வந்தபோதும் எத்தனை கிலோமீட்டர், என்ன வேலை என்று அந்த நம்பரின் கீழ் பதிவு இருக்கும். ஓனர் கேட்டால் கொடுப்பார்கள். அதைக் கேட்க ஓனர் தயங்கினால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம். வாரண்டி முடிந்ததும் பலரும் வெளி ஒர்க்‌ஷாப்புக்கு மாறுவது சகஜம், அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளி பில்களாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டெல்லி பதிவு வண்டிகள் விலை மலிவாக வந்தால் காரணம் இருக்கிறது. பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு அங்கே 2015ல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது, 2018ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன் பிறகு அங்கிருந்து ஏராளமான டீசல் கார்கள் தெற்கே வந்தன. வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் அங்கே என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, டிஎன் நம்பருக்கு மாற்றும் செலவைக் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு பெரும்பாலும் காணாமல் போய்விடும். எவ்வளவு வரி என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

காலையில் போங்கள், எஞ்சின் ஆறியிருக்க வேண்டும்

வண்டியைப் பார்க்கக் காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லுங்கள். முதல்நாளே, "நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்றும் சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் யாரோ ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து எதையோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் வண்டி நிற்கும் உயரத்தைப் பாருங்கள். ஏர் சஸ்பென்ஷன் வண்டியில் ஒரு மூலை மட்டும் இரவோடு இரவாக இறங்கியிருந்தால் அங்கே கசிவு இருக்கிறது. வண்டிக்கு அடியில் தரையைப் பாருங்கள். கூலன்ட் டப்பாவில் மட்டம் சரியாக இருக்கிறதா, ஓரங்களில் காய்ந்த வெள்ளைப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். பிஎம்டபிள்யூவில் கூலிங் சிஸ்டத்தின் குழாய்கள், டப்பா, தெர்மோஸ்டாட் ஹவுசிங் என்று நிறைய பிளாஸ்டிக் உண்டு. நம் ஊர் வெயிலில் பத்து வருடம் ஓடிய பிளாஸ்டிக் நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும். ஆயில் மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். மோர் நிறத்தில் ஏதாவது ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

இப்போது ஓனரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் வெளியே நில்லுங்கள். முதல் மூன்று நான்கு விநாடிதான் முக்கியம். ஆயில் மேலேறிச் செயின் டென்ஷனரை அழுத்தும் முன் 'கடகட'வென்று ஒரு சத்தம் கேட்டு அடங்கினால் குறித்துக்கொள்ளுங்கள். ஏசியைப் போட வேண்டாம், பாட்டு வேண்டாம், புரோக்கர் பேசிக்கொண்டே இருந்தால் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். (அவர்கள் சரியாக அந்த நேரத்தில்தான் பேச ஆரம்பிப்பார்கள்.) பிறகு பின்னால் போய்ப் புகையைப் பாருங்கள். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளையாக வந்து எஞ்சின் சூடேறிய பிறகும் நிற்காமல் இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட் எரிகிறது. டீசலில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது கருப்பாகக் கக்கினால் இன்ஜெக்டரோ டர்போவோ சந்தேகம். டிபிஎஃப் ஒழுங்காக இருக்கும் வண்டியில் கரும்புகையே வரக்கூடாது.

ஓட்டிப் பார்ப்பதற்கு அரை மணி நேரமாவது வேண்டும். தெருவைச் சுற்றி ஒரு வட்டம் அடிப்பதில் எதுவும் தெரியாது. கியர்பாக்ஸ் ஆறியிருக்கும்போதும் நன்றாகச் சூடான பிறகும் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். டிரைவிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது உதை கொடுக்கிறதா? டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது இரண்டாம் கியரிலிருந்து ஒன்றுக்கு வரும் நேரத்தில் இடிக்கிறதா? ஸ்பீட் பிரேக்கர்களில் மெதுவாக, ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏற்றி இறக்குங்கள். 'டொக்' என்றால் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ் அல்லது ஆர்ம் தேய்ந்திருக்கலாம். இது பயப்பட வேண்டிய சத்தம் இல்லை, பேரம் பேசப் பயன்படும் சத்தம். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் அலாய் வீல் வளைந்திருக்கலாம்.

கிலோமீட்டரும் வெள்ளமும்

மீட்டரைத் திருப்புவது இன்றைக்கு லேப்டாப்பில் பத்து நிமிட வேலை. ஆனால் இந்தக் கார்களில் ஓடிய தூரம் ஒரே இடத்தில் மட்டும் பதிவாவதில்லை. பல கன்ட்ரோல் யூனிட்களில் இருக்கும், பிஎம்டபிள்யூவில் சாவிக்குள்ளேயும் இருக்கும். கார் கம்ப்யூட்டர் பழுதைக் குறித்துவைக்கும் பழைய எரர் கோடு ஒன்று 1,10,000 கிலோமீட்டரில் பதிவானதாகச் சொல்லி, டிஸ்பிளே 62,000 என்று காட்டினால் விஷயம் முடிந்தது. ஸ்கேனர் இல்லாமலும் கொஞ்சம் யூகிக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3419 என்றால் 2019ஆம் வருடத்தின் 34ஆவது வாரத்தில் தயாரானது. 30,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிற வண்டியில் ஏற்கெனவே மூன்றாவது செட் டயர் போட்டிருந்தால் யாரோ பொய் சொல்கிறார்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏகப்பட்ட கார்கள் மூழ்கின. இன்சூரன்ஸ் கம்பெனி 'டோட்டல் லாஸ்' என்று ஒதுக்கிய வண்டிகளும் கழுவித் துடைத்து மறுபடி சந்தைக்கு வரும். சொகுசுக் காரில் இது மற்ற கார்களைவிடப் பெரிய ஆபத்து. சீட்டுக்கு அடியிலும் டிக்கியின் தரைக்குக் கீழும் கன்ட்ரோல் யூனிட்களும் வயர் கொத்துகளும் இருக்கும். தண்ணீர் புகுந்த கனெக்டர் ஒவ்வொன்றாகப் பச்சை பூத்து, இரண்டு வருடம் கழித்துக்கூடப் புதுப்புதுத் தொல்லை கொடுக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைத் துவைத்திருப்பார்கள், ரீலுக்குள் சுருண்டிருக்கும் கடைசி அடியில் சேற்றுக் கறை அப்படியே இருக்கும். சீட் ஓடும் தண்டவாளத்தில் துரு, டிக்கியின் பாய்க்கு அடியில் மண் படிவு, ஏசி போட்டதும் ஈர வாடை, இதில் ஒன்று இருந்தாலும் எவ்வளவு மலிவாக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். செயின் பிரச்சினையைக்கூடச் சரி செய்யலாம், வெள்ள வண்டியைச் சரி செய்ய முடியாது.

லிஃப்டில் ஏற்றாமல் பணம் கொடுக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். அந்தக் கம்பெனி கார்களை மட்டுமே பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியைக் கொடுத்து முழு ஸ்கேனும் லிஃப்ட் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். சில ஆயிரம் ஆகும். பொதுவான ஸ்கேனர் போதாது. பிஎம்டபிள்யூவுக்கு ஐஸ்டா, பென்ஸுக்கு ஜென்ட்ரி, ஆடிக்கு ஓடிஸ் அல்லது விசிடிஎஸ் என்று கம்பெனி அளவுக்கு உள்ளே போய்ப் பார்க்கும் மென்பொருள் இருக்க வேண்டும். எரர் எதுவும் இல்லை என்று வந்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். கடைசியாக எரரை அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதும் ஸ்கேனில் தெரியும். அது 12 கிலோமீட்டர் என்றால் நேற்று ராத்திரிதான் துடைத்திருக்கிறார்கள்.

லிஃப்டில் ஏறியதும் நீங்களும் கீழே போய் நில்லுங்கள். அடிப்பக்க பிளாஸ்டிக் தட்டு இருக்கிறதா, கழன்று போனதால் வீசிவிட்டார்களா? தாழ்வான இந்தக் கார்களுக்கு நம் ஸ்பீட் பிரேக்கர்கள் எமன். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் நசுங்கிய தழும்போ வெல்டிங்கோ இருக்கிறதா? கியர்பாக்ஸ் அடியில் ஈரம்? எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் கசிவு? லேசான வியர்வையை விட்டுவிடலாம், சொட்டுவதை விட முடியாது.

கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியிருக்கிறார்களா என்று தனியாகக் கேளுங்கள். "லைஃப்டைம் ஆயில் சார், மாத்தவே வேணாம்" என்பார்கள். பிஎம்டபிள்யூ உட்படப் பல கார்களில் இருக்கும் எட்டு கியர் பெட்டியைத் தயாரிக்கும் இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. பெட்டி மிக நல்ல பெட்டி. ஆயில் மட்டும் மாற்றினால் பல வருடம் தொந்தரவு தராது.

விலை பேசும்போது

இப்போது கையில் ஒரு பட்டியல் இருக்கும்: முன்பக்க ஆர்ம் இரண்டு, டயர் நான்கு, கியர்பாக்ஸ் ஆயில், வாட்டர் பம்ப்பில் கசிவு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு விலை வாங்குங்கள், ஒன்று கம்பெனி சர்வீஸ் சென்டரில், இன்னொன்று வெளி ஒர்க்‌ஷாப்பில். வித்தியாசம் பெரிதாக இருக்கும், அது நியாயமானதும்கூட. பிஎம்டபிள்யூ பெட்டியில் வரும் ஆர்மைச் செய்து கொடுக்கும் அதே லெம்ஃபோர்டர், தன் பெயரில் வேறு பெட்டியில் போட்டுக் குறைவாக விற்கிறது. ஃபில்டருக்கு மாலே, எலக்ட்ரிக்கலுக்கு பாஷ் என்று இப்படி நிறைய உண்டு. சென்னைப் புதுப்பேட்டையில் உடைத்த வண்டியின் பாகம் இன்னும் மலிவாகக் கிடைக்கும். கண்ணாடி, ஹெட்லைட், கதவுப் பட்டை மாதிரியான சாமானுக்கு அங்கே போகலாம். பிரேக், ஸ்டீயரிங், டர்போ, ஏர்பேக் எதையும் அங்கே வாங்க வேண்டாம்.

மொத்தத்தைக் கூட்டி விலையில் கழிக்கச் சொல்லுங்கள். வாங்கிய விலைப்பட்டியலோடு பேசினால் பெரும்பாலும் அந்தத் தொகையில் பாதியாவது குறைப்பார்கள். பிஎம்டபிள்யூ பிரீமியம் செலக்‌ஷன், மெர்சிடிஸ்-பென்ஸ் சர்டிஃபைட், ஆடி அப்ரூவ்ட் பிளஸ் என்று கம்பெனிகளே நடத்தும் பழைய கார் பிரிவில் வாங்கினால் விலை கூடும், வாரண்டி கிடைக்கும். முதல்முறை வாங்குகிறவருக்கு அந்தக் கூடுதல் பணம் தகும் என்பது என் கருத்து. ஆனால் வாரண்டித் தாளில் எதெல்லாம் சேராது என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். ரப்பர் புஷ், பேட்டரி, டயர், பிரேக் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் மாதத்திலேயே எஞ்சின் ஆயில், எல்லா ஃபில்டர், பிரேக் ஆயில், கூலன்ட், டிரைவ் பெல்ட் அனைத்தையும் மாற்றிவிடுங்கள். முந்தைய ஓனர் மாற்றினாரா இல்லையா என்ற ஆராய்ச்சி வேண்டாம். எஞ்சின் ஆயிலுக்கு மேனுவல் சொல்லும் இடைவெளி நம் ஊர் வெயிலுக்கும் டிராஃபிக்குக்கும் நீளம். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றினால் செயினுக்கும் டர்போவுக்கும் நல்லது. பேட்டரி மாற்றினால் ஸ்கேனரில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவு செய்யாவிட்டால் வண்டி இன்னும் பழைய பேட்டரி என்றே நினைத்து சார்ஜ் ஏற்றி, புதியதைச் சீக்கிரம் கெடுத்துவிடும். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் பாருங்கள். காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃபிளாட் டயர் வண்டிகள் பலவற்றில் இருக்காது. தஞ்சாவூர், திருநெல்வேலி மாதிரி ஊர்களில் இருப்பவர்கள் வண்டியை முழுதாக ஏற்றிச் செல்லும் ஃபிளாட்பெட் உள்ள ரோடு சைடு அசிஸ்டன்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுத்தால் கியர்பாக்ஸ் போகும்.

ஆர்சி மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் இருந்த வண்டி என்றால் வங்கியின் என்ஓசியோடு படிவம் 35. இன்சூரன்ஸ் தானாக முழுவதும் உங்கள் பெயருக்கு வராது. வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு கிளெய்ம் கேட்கும்போது சிக்கல் வரும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும் என்பதால் பிரீமியம் கூடும். அந்த வித்தியாசத்தையும் விலை பேசும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.